மறுமொழி: ஆலை முதலாளி மீதான கொலை வழக்கு

அம்பாசமுத்திரம் பக்கம் தங்கள் அண்ணன் கொல்லப்பட்டதையும், கைதான ஆலை முதலாளி சென்னையிலிருந்து மூத்த வழக்கறிஞரை அமர்த்தியிருப்பதால் வழக்கு தோற்றுவிடுமோ என்று தாங்கள் அஞ்சுவதையும் படித்தேன்.

பணம் முதலில் வாங்க முயல்வது விடுதலையை அன்று, காலத்தைத்தான். கொலை வழக்கில் 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவின்படி அந்த முதலாளி ஜாமீனை உரிமையாகவே கேட்கலாம் என்பதால், குற்றப்பத்திரிகை எந்நிலையில் இருக்கிறது என்று இப்போதிருந்தே விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டு வாருங்கள். ஜாமீன் மனு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனால் தாங்களும் இடையீட்டு மனு போட்டு எதிர்க்கலாம். பாதிக்கப்பட்டோரையும் கேட்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022இல், விவசாயிகள் மீது கார் ஏற்றப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில் கூறியிருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை சாட்சிகள்தாம். கோயில் கொடைக்கு முதலாளியோடு ஒரே பந்தலில் நிற்க வேண்டியவர்கள், முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மறுக்கும் பிறழ்சாட்சியாவதற்கு மிரட்டல்கூடத் தேவையில்லை. குத்தகை வயலைப் பற்றிய ஒரு சொல் போதும். ஆகவே நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலத்தை அதே சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்யும்படி வற்புறுத்துங்கள். அது மட்டுமே தண்டனைக்குப் போதாது என்றாலும், பின்னர் மாற்றிச் சொல்பவரை அதைக் காட்டி மடக்கலாம். கேமராப் பதிவு இருந்தால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கோரும் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். எதிர்த்தரப்பு முதலில் கைவைக்கும் இடம் அதுவே.

அரசு வழக்கறிஞருக்குத் துணையாகத் தங்கள் வழக்கறிஞரை அனுமதிக்கக் கோரும் மனுவை, பாளையங்கோட்டையில் விசாரணை தொடங்குமுன்பே தாக்கல் செய்துவிடுங்கள்.