தடுப்பாட்டக்காரரான பெக்கன்பாவர் எப்படி உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளரானார்?

மேற்கு ஜெர்மனியின் கால்பந்து வீரர் ஃபிரான்ஸ் பெக்கன்பாவர் ஆடியது 'லிபரோ' இடத்தில். மற்ற தடுப்பாட்டக்காரர்களுக்கும் பின்னால் நிற்பவர்தான் லிபரோ. அவருக்கென்று தனி எதிராளி கிடையாது. தப்பி வரும் பந்தை மடக்குவார். பெக்கன்பாவர் அதோடு நிற்காமல், பந்தை மீட்டதும் தானே முன்னேறித் தாக்குதலைத் தொடங்குவார்.

கல்யாணப் பந்தியின் கடைசியில் நிற்பவருக்குத்தான் எந்த இலையில் சோறு தீர்ந்தது, சாம்பார் வாளி எங்கே இருக்கிறது என்று தெரியும். அதுபோல லிபரோவுக்கு மொத்த ஆட்டமும் கண்முன் விரியும். ஆடும்போதே பயிற்சியாளரின் பார்வை வந்துவிடுகிறது.

1974இல் அணித் தலைவராக உலகக் கோப்பையை ஏந்தினார். 1984இல் பயிற்சியாளர் உரிமம் இல்லாமலேயே தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். 1986 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் நட்சத்திரம் மரடோனாவைக் கட்டிப்போட மத்தேயஸை அனுப்பினார். தன் அணியின் சிறந்த நடுக்கள வீரரே அதில் முடங்கிப்போக, 3-2 எனத் தோல்வி. 1990இல் ரோமில் நடந்த இறுதியாட்டத்திலும் எதிரணி அர்ஜென்டினாதான்; இம்முறை அந்த வேலையைத் தடுப்பாட்டக்காரர் புக்வால்டிடம் கொடுத்து, மத்தேயஸை விடுவித்தார். 1-0 என வெற்றி. அவருடைய பயிற்சித் திறமைக்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

வீரராகவும் பயிற்சியாளராகவும் கோப்பை வென்ற முதல் மனிதர் இவர்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 1970லேயே பிரேசிலின் மாரியோ ஜகாலோ அதைச் சாதித்துவிட்டார்.