வெற்றிட ஸ்விட்ச் சில நாள் மட்டும் இயங்காமல் போவது

உங்கள் வெற்றிட ஸ்விட்ச் (அழுத்தம் குறித்த அளவுக்கு இறங்கியதும் இயங்குவது) பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. அப்சல்யூட் வகை (முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கும்) ஸ்விட்சுக்கு மாற்றினால் சரியாகிவிடும். 20 மில்லிபார் அப்சல்யூட்டில் இயங்க வேண்டியது, மழை மூட்டமான நாட்களில் இயங்குவதே இல்லை என்கிறீர்கள். உங்களுடையது கேஜ் வகையாக இருக்க வேண்டும். அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும்.

வளிமண்டல அழுத்தம் 1013 மில்லிபார் இருந்த நாளில் மைனஸ் 993-க்கு (வெளிக்காற்றைவிட 993 குறைவு) செட் செய்தால், 1013-இல் 993 போக 20. கணக்கு சரி. வளிமண்டலம் 990-க்கு இறங்கிய நாளில், பம்ப் முழு வெற்றிடமே இழுத்தாலும் மைனஸ் 990-ஐத் தாண்டாது. அப்புறம் எப்படி இயங்கும்?

உறுதி செய்ய, அதே லைனில் ஓர் அப்சல்யூட் அழுத்தமானி மாட்டி, ஸ்விட்ச் இயங்கும்போது அழுத்தத்தையும் அன்றைய வளிமண்டல அழுத்தத்தையும் குறித்து வாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தினமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. அதற்கு முன் ஸ்விட்ச் உடலில் உள்ள சின்ன வென்ட் துளையை (வெளிக்காற்று உள்ளே வரும் வழி) பாருங்கள். பெயிண்டோ தூசியோ அடைத்திருந்தாலும் செட் பாயின்ட் (ஸ்விட்ச் இயங்கும் அளவு) நகரும்.

தற்காலிகமாக மைனஸ் 970-க்குத் தளர்த்தி வைக்காதீர்கள். 1020 உள்ள நாளில் அது 50 மில்லிபாரிலேயே இயங்கி, வெற்றிடம் போதாமலே அடுத்த கட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிடும். எரியும் வாயு அல்லது நச்சு வாயு லைன் என்றால், பர்ஜ் செய்யாமல் (உள்ளே இருக்கும் வாயுவை வெளியேற்றாமல்) எதையும் கழற்ற வேண்டாம்.