60 வயதைத் தாண்டிய அம்மாவுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரலாமா? அது காட்டும் எண்களை நம்பலாமா?

தாராளமாக வாங்கித் தரலாம். ஆனால் அது காட்டும் எண்களில் பாதியை அம்மாவின் கண்ணில் படாதபடி மறைத்துவிட்டுக் கொடுங்கள். நான் மருத்துவர் இல்லை. சில வருடங்களாக நானும் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், வீட்டுப் பெரியவர்களுக்கும் அமைத்துக் கொடுத்திருக்கிறேன், இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பழக்கமும் உண்டு. அவ்வளவுதான் என் தகுதி.

அம்மா தினமும் நடைப்பயிற்சி போகிறார், எத்தனை அடி நடக்கிறார் என்று தெரிந்தால் உற்சாகமாக இருக்கும் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதனால் அடிக்கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வாட்சுக்கு உங்கள் கால் தெரியாது. அதற்குள் அசைவை உணரும் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. கை முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டத்தை வைத்து, இது நடைதான் என்று அது ஊகிக்கிறது. அதனால்தான் துணி துவைத்தால், வீடு கூட்டினால், நடக்காத அடிகள் ஏறும். நேர்மாறாக, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டோ, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டோ எவ்வளவு தூரம் நடந்தாலும் கை ஆடாததால் கணக்கு குறையும். இதெல்லாம் பெரிய விஷயமில்லை. நேற்றும் இன்றும் அதே கை, அதே வாட்ச் என்றால் பிழையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

பெரிய விஷயம் அந்தப் பத்தாயிரம். வாட்சைப் பெட்டியிலிருந்து எடுத்தால், பல மாடல்களில் இலக்கு 10,000 அடி என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும். இது எந்த மருத்துவ ஆராய்ச்சியிலும் பிறந்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு, 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றைப் பத்தாயிரம் அடியைப் பெயரிலேயே வைத்து விற்றது. விளம்பரத்துக்கு எடுப்பான எண். அங்கிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

உங்கள் அம்மா வயதை ஒட்டியவர்களிடம் பிற்பாடு நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. சராசரி வயது 72 உள்ள, ஏறக்குறைய 16,700 அமெரிக்கப் பெண்களுக்கு அசைவுமானி மாட்டிவிட்டு, பிறகு நாலு வருடத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. அடி கூடக் கூட இந்த விகிதம் இன்னும் இறங்கியது, ஆனால் 7,500ஐ ஒட்டி அதற்கு மேல் வித்தியாசம் தெரியவில்லை. இதை அப்படியே சூத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உடம்புக்கு முடியாதவர்கள் குறைவாகத்தான் நடப்பார்கள். எது காரணம், எது விளைவு என்று இந்த மாதிரி ஆய்வில் முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் மூவாயிரம் நடப்பவர் ஐயாயிரம் நடந்தால் நல்லது என்பதற்கும், பத்தாயிரம் தொடாத நாளெல்லாம் வீண் என்பதற்கும் உள்ள தூரத்தை இது காட்டிவிடுகிறது. எனவே முதல் வேலையாக அந்த இலக்கை மாற்றுங்கள். ஒரு வாரம் சும்மா கட்டியிருக்கட்டும், வருகிற சராசரியோடு ஓர் ஆயிரம் சேர்த்து வையுங்கள். முட்டிவலி உள்ளவர் என்றால் அந்த ஆயிரமும் வேண்டாம்.

அடுத்தது இதயத் துடிப்பு. வாட்சின் அடியில் பச்சையாக மினுக்குவது இதற்குத்தான். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் மாறும், அதை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கணக்கு நன்றாகவே இருக்கும். பட்டை தொளதொளவென்று இருந்தாலோ, கை சில்லிட்டுப் போயிருந்தாலோ, மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலோ குழம்பும். வேகமாக ஓடும்போது சில சமயம் துடிப்பை விட்டுவிட்டு, கால் வைக்கிற தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதையே துடிப்பு என்று காட்டும். திடீரென்று 170 என்று வந்து, உடம்போ சாதாரணமாக இருந்தால், பயப்படுவதற்கு முன்னால் மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிடலாம்.

கலோரியைப் பற்றி ஒரே வரியில்: பார்க்காதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கைப்பட்டைக் கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு சொல்லின. கலோரிக் கணக்கிலோ இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப் பிறகு மாறியிருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் இன்று 300 கலோரி எரித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு கூடுதலாக ஒரு பங்கு சாப்பிடுகிற அளவுக்கு நம்பத் தகுந்த எண் அது இல்லை.

இப்போது தூக்கம். நான் அதிகம் சண்டை போடுவது இதோடுதான்.

தூக்கத்தின் நிலைகளை முறையாக அளக்க வேண்டுமென்றால் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிய வேண்டும். கண் அசைவு, தாடைத் தசையின் இறுக்கம் எல்லாம் பார்ப்பார்கள். மணிக்கட்டில் இருக்கிற வாட்சுக்கு இதில் எதுவும் தெரியாது. அசைகிறாரா, துடிப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை வைத்துத்தான் ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம், கனவுத் தூக்கம் இத்தனை நிமிடம் என்று வண்ணக் கோடு போட்டுக் காட்டுகிறது. எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். அசையாமல் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதையும் தூக்கத்தில்தான் சேர்க்கும். நிலைகளைப் பிரித்துச் சொல்வதை நான் ஜோசியத்துக்குக் கொஞ்சம் மேலே வைப்பேன், ரொம்ப மேலே இல்லை.

ஜோசியம் என்றே விட்டுவிடலாம்தான், அது மனதில் வேலை செய்யாமல் இருந்தால். 2017இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ இதழ் ஒன்றில், சிகிச்சைக்கு வந்த சிலரின் கதையை ஆய்வாளர்கள் எழுதினார்கள். கருவி காட்டுகிற தூக்க மதிப்பெண்ணைச் சரிசெய்ய வேண்டும் என்ற கவலையிலேயே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஆய்வகத்தில் முறையாக அளந்து, நன்றாகத்தான் தூங்குகிறீர்கள் என்று சொன்ன பிறகும் கருவி வேறு மாதிரி சொல்கிறதே என்றுதான் ஒருவர் கேட்டார். ஆர்த்தோசோம்னியா என்று இதற்கொரு பெயரே வைத்துவிட்டார்கள். 2014இல் வந்த வேறொரு சின்ன ஆய்வில், தூக்கத்தை அளந்துவிட்டதாகச் சும்மா சொல்லி, சிலரிடம் நன்றாகத் தூங்கினீர்கள் என்றும் சிலரிடம் சரியாகத் தூங்கவில்லை என்றும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். நன்றாகத் தூங்கியதாகக் கேட்டவர்கள் அடுத்து வைத்த கவனத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள், மற்றவர்கள் திணறினார்கள். ஒரே ஒரு சிறிய ஆய்வுதான், அதன் மேல் பெரிய மாளிகை கட்ட வேண்டாம். ஆனால் காலையில் சுறுசுறுப்பாக எழுந்து, வாட்சில் 54 மதிப்பெண் என்று பார்த்ததும் சோர்ந்து உட்கார்ந்த நண்பர்கள் எனக்கு இருப்பதால், நம்ப முடிகிறது.

வயதானால் தூக்கம் விட்டு விட்டு வருவது சகஜம். ஆழ்ந்த தூக்கமும் குறையும். உங்கள் அம்மா இந்தக் கோடுகளைப் பார்த்தால், ஏதோ நோய் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார். இரவில் கழற்றிச் சார்ஜில் போட்டுவிடச் சொல்லுங்கள். சார்ஜும் ஏறும், மனதும் நிம்மதியாக இருக்கும். குறட்டை பலமாக இருக்கிறது, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறார், பகலெல்லாம் கண் சொக்குகிறது என்றால் அது வேறு. அதை வாட்சிடம் கேட்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதயத் தாளம் தப்புவதைக் கண்டுபிடிக்கும் என்பார்களே, அதில் உண்மை உண்டு. நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட ஆப்பிள் நிறுவன ஆதரவு ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. அதில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் தாளம் சீராக இல்லை என்ற எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை வந்து, பிறகு ஈசிஜி ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கோளாறு பதிவானது. இது வந்து வந்து போகிற கோளாறு என்பதால் மீதிப் பேருக்கு இல்லவே இல்லை என்றும் ஆகாது. பக்கவாதத்துக்கு வழிவிடுகிற கோளாறு, வயது ஏற ஏற அதிகமாக வருவது. ஆகவே இந்த எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். ஆனால் எல்லோரும் மாற்றிப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு: வாட்சில் ஈசிஜி வசதி இருந்தாலும் அது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. மருத்துவமனையில் 12 கோணங்களில் பார்ப்பதை இது ஒரே கோணத்தில் பார்க்கிறது. நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் வாட்ச் சரி என்று சொல்கிறதே என்று ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது. அம்மாவிடம் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை அளக்கும் வாட்ச் என்று இணையத்தில் மலிவாக விற்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். தோலைக் குத்தாமல் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி மாத்திரையோ இன்சுலினோ கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணரி வேறு, அதில் நுண்ணிய கம்பி தோலுக்குள் போகிறது. ரத்த அழுத்தம் காட்டுவதாகச் சொல்லும் வாட்சுகளிலும் கவனம் தேவை. சாம்சங் மாதிரி நிறுவனங்களே மேற்கையில் சுற்றி அளக்கும் வழக்கமான பிபி கருவியில் அளந்து நாலு வாரத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கின்றன. எப்படியும் பிபி கருவி வேண்டும் என்றால், அதிலேயே அளந்துவிடலாமே.

சரி, உற்சாகம் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் சில வாரம் நிச்சயம் வரும். அப்புறம் ஆளைப் பொறுத்தது. உடல் எடை குறைக்கும் திட்டத்தில் இருந்த இளைஞர்களிடம் இரண்டு வருடம் நடத்திய சோதனை 2016இல் வெளிவந்தது. அசைவுமானி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைத்தார்கள். கட்டாமல், தங்கள் பயிற்சியைத் தாங்களே பதிவு செய்துகொண்டவர்கள் 5.9 கிலோ! அதே வருடம் ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர், ஒரு செயலை எண்ண ஆரம்பித்தால் அதை அதிகம் செய்கிறோம், ஆனால் ரசிப்பது குறைகிறது என்று காட்டினார். எண்ணும்போது விளையாட்டுகூட வேலை மாதிரி ஆகிவிடுகிறதாம். தினமும் இத்தனை பக்கம் என்று கணக்கு வைத்துப் படிக்க வைத்த குழந்தை, கணக்கு நின்ற அன்றே புத்தகத்தை மூடி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இதனால்தான் உங்களிடம் ஒரு கேள்வி. அம்மா இப்போது எதற்காக நடக்கிறார்? கூட நடக்கிற தோழிகளோடு பேசத்தான் என்றால், அதற்குள் எண்ணைக் கொண்டுபோய் நுழைக்க வேண்டாம். அடிக்கணக்கைப் பின்னணியில் ஓட விட்டுவிட்டு, திரையில் மணி மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள். தனியாக, கடமைக்கு நடக்கிறார், சோம்பலாக இருக்கிறது என்றால் எண் உதவும்.

நான் தொடர்ந்து பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஓய்வில் இருக்கும்போதுள்ள இதயத் துடிப்பு. அதிலும் ஒரு நாள் எண்ணைப் பார்ப்பதில்லை, வாரக் கோட்டைத்தான் பார்க்கிறேன். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பார்கள், அந்த இடைவெளி மிகப் பெரியது. உங்கள் அம்மாவுக்கு வழக்கமாக 70 என்றால், அது சில நாளாக 80க்கு மேல் நிற்பதுதான் செய்தி. காய்ச்சல் வரப்போவதாக இருக்கலாம், தண்ணீர் போதாமல் இருக்கலாம், புது மாத்திரையாக இருக்கலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, கொஞ்ச நாளாகப் படபடப்பு என்று சொல்வதைவிட, மூன்று வாரமாக இப்படி என்று கோட்டைக் காட்டினால் அவருக்கும் வேலை எளிது.

வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டால், கொடுப்பதற்கு முன் நீங்களே உட்கார்ந்து அமைத்துவிடுங்கள். வாட்சப் அறிவிப்பு, உட்கார்ந்தே இருக்கிறீர்கள் என்ற நச்சரிப்பு, சாதனைப் பதக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்குங்கள். பட்டை ஒரு கையாலேயே மாட்டிக் கழற்றுகிற மாதிரி இருக்கட்டும், கொக்கி வைத்தது அவருக்குச் சிரமம்.

என்னைக் கேட்டால், இந்த வயதில் வாட்ச் வாங்க நியாயமான காரணம் விழுவதை உணரும் வசதிதான். மற்றதெல்லாம் உபரி. விலை குறைந்த பல மாடல்களில் அது இருக்காது, பெட்டியில் பார்த்து வாங்குங்கள். எல்லா விழுதலையும் அது பிடித்துவிடாது, மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தால் தெரியாமலே போகலாம். ஆப்பிள் வாட்சில் வயது 55க்கு மேல் என்று பதிந்தால் தானாகவே இயங்கத் தொடங்கும்; அதனால் பிறந்த தேதியைச் சரியாகப் போடுங்கள். மற்ற மாடல்களில் தேடிப் போய் இயக்க வேண்டியிருக்கும். அவசர எண்ணாக உங்களுடையதோடு, பக்கத்திலேயே இருக்கிற ஒருவருடைய எண்ணையும் சேருங்கள். தனி சிம் இல்லாத வாட்ச் என்றால் ஃபோன் அருகில் இருந்தால்தான் அழைப்பு போகும், ஆகவே நடக்கப் போகும்போது ஃபோனையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.