ஒப்படைத்த திகதி மாறினால் மற்றத் திகதிகளும் மாற வேண்டுமா?

கேள்வி: ஹட்டனில் மின்சாதனக் கடை நடத்துகிறேன். விற்பனை, உத்தரவாதம், தவணைக் கொடுப்பனவு எல்லாவற்றையும் மைக்ரோசொஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பதிந்து வருகிறோம். கடும் மழையால் தோட்டங்களுக்குப் பொருள் கொண்டுசேர்ப்பது தாமதமானால், ஒப்படைக்கும் திகதியைப் பின்னர் திருத்துகிறோம். ஆனால் உத்தரவாதம் முடியும் திகதியும் வேறு அட்டவணையில் உள்ள தவணைத் திகதிகளும் பழையபடியே நிற்கின்றன. அட்டவணைகளை இணைக்கும் இடத்தில், தொடர்புடைய புலங்களையும் (அட்டவணையின் நிரல்களையும்) புதுப்பிக்கும் தெரிவைக் குறியிட்டும் பயனில்லை. இதற்குப் புதிய மென்பொருள்தான் வழி என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். நீங்கள் கேட்கும் வேலையை உங்களிடம் இருக்கும் அக்சஸே செய்யும். நீங்கள் குறியிட்ட தெரிவு, ஒரு விற்பனையின் இலக்கம் மாறும்போது அந்த இலக்கத்தை மற்ற அட்டவணைகளிலும் மாற்றுவதற்கு மட்டுமே உரியது. திகதிகளை அது தொடாது.

உத்தரவாதம் முடியும் திகதியைத் தனிப் புலமாகச் சேமித்து வைப்பதே சிக்கலின் வேர். ஒப்படைத்த திகதியையும் உத்தரவாத மாதங்களின் எண்ணிக்கையையும் மட்டும் சேமியுங்கள். முடிவுத் திகதியை ஒரு வினவலில் (சேமித்த தரவிலிருந்து வேண்டியதை எடுத்துக் காட்டும் கட்டளையில்), திகதியோடு மாதங்களைக் கூட்டித் தரும் டேட்ஆட் (DateAdd) என்ற சார்பைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டச் செய்தால், ஒப்படைத்த திகதியைத் திருத்தியதும் முடிவுத் திகதியும் சரியாகவே வரும். மாதங்களின் எண்ணிக்கையைப் பொருள் அட்டவணையிலிருந்து நேரே எடுக்காமல் ஒவ்வொரு விற்பனையிலும் பதிந்து வையுங்கள். இல்லையேல், நிறுவனம் நாளை 12 மாத உத்தரவாதத்தை 24 ஆக்கும்போது, நீங்கள் ஏற்கெனவே விற்ற பொருட்களின் உத்தரவாதமும் கணினியில் நீண்டுவிடும். ஓர் ஆண்டு என்பதற்கு 365 நாட்களைக் கூட்டுவதும் சரியன்று. 2027 ஓகஸ்ட் 10 அன்று ஒப்படைத்த பொருளுக்கு அக்கணக்கு 2028 ஓகஸ்ட் 9 என்று காட்டும்; இடையில் வரும் பெப்ரவரி 29 வாடிக்கையாளரின் ஒரு நாளை எடுத்துவிடுகிறது.

தவணைத் திகதிகள் வேறு வகையானவை. அவை வாடிக்கையாளருடன் பேசி ஒப்புக்கொண்டவை என்பதால் சேமிக்கத்தான் வேண்டும். ஒப்படைத்த திகதியைத் திருத்தும்போது, இன்னும் செலுத்தப்படாத தவணைகளை மட்டும், அதுவும் வாடிக்கையாளருக்கு அறிவித்த பின்னரே மாற்றுங்கள். பணம் கட்டி முடிந்த தவணையின் திகதி நகர்ந்தால் உங்கள் கணக்குப் புத்தகமே பொய்யாகிவிடும். தரவைப் பதியும் திரையான படிவத்தில் திகதியை மாற்றிய பின் இயங்கும் நிகழ்வில், பதிவுகளை மாற்றும் ஒரு புதுப்பிப்பு வினவலை இணைத்தால் இது நடக்கும். எனினும் யாராவது அட்டவணையைத் திறந்து நேரடியாகத் திருத்தினால் அந்நிகழ்வு இயங்காது. 2010 பதிப்பிலிருந்து அக்சஸில் உள்ள தரவு மெக்ரோ (தரவு மாறும்போது தானே இயங்கும் கட்டளைத் தொகுப்பு), அட்டவணையோடு சேர்ந்தே இருப்பதால் அந்நிலையிலும் இயங்கும். ஆகவே உங்கள் கடைக்கு அதையே பரிந்துரைப்பேன். முதன்முறை இயக்குவதற்கு முன் கோப்பின் பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத் தவணைகளை முதலாம் தவணையின் திகதியிலிருந்தே ஒவ்வொன்றாகக் கணக்கிடுங்கள். ஜனவரி 31 உடன் ஒரு மாதம் கூட்டினால் பெப்ரவரியின் கடைசி நாள் வரும். அங்கிருந்து அடுத்ததைக் கணக்கிட்டால், சாதாரண ஆண்டில் மார்ச் 28 என்று வந்து, பிறகு எல்லாத் தவணைகளும் 28 இலேயே நின்றுவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுகிறோம்; ஆனால் அக்சஸின் வினவல் மொழியில் நேரடியாக எழுதப்படும் திகதியை அது அமெரிக்க முறையில், மாதம் முன்னதாகவே வாசிக்கும். 25/04 என்று எழுதினால் 25ஆம் மாதம் இல்லாததால் தானே சரியாகப் புரிந்துகொள்கிறது. 10/04 என்று எழுதினாலோ ஒக்டோபர் 4 ஆக்கிவிடுகிறது. எனவே பிழை மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டுமே தலைகாட்டும். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியையொட்டிக் கிடைப்பதால் உங்கள் தவணைகளும் பெரும்பாலும் அந்நாட்களிலேயே விழும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இக்குழப்பம் வராது.

இவற்றைச் செய்ய உள்ளூரில் அக்சஸ் தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுப்பது, புதிய மென்பொருள் வாங்கிப் பழைய பதிவுகளை அதற்கு மாற்றுவதைவிடப் பெரும்பாலும் மலிவு. வேலை முடிந்ததும், திருத்தக்கூடிய மூலக் கோப்பை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பூட்டிய கோப்பை மட்டும் தந்தால் அடுத்த திருத்தத்துக்கும் அவரையே தேடிச் செல்ல நேரிடும். கடையின் இரண்டாவது கணினிக்கு அக்சஸ் வாங்கத் தேவையில்லை. கோப்பை இயக்க மட்டும் உதவும் ரன்டைம் பதிப்பை மைக்ரோசொஃப்ட் இலவசமாகவே தருகிறது.

கேள்வி: தலவாக்கலையில் வசிக்கிறேன். நான் வாங்கிய வோட்டர் ஹீட்டரின் உத்தரவாத அட்டையில் உள்ள முடிவுத் திகதிக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. கடைக்காரரோ கணினியில் காலம் முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது என்கிறார். எதை நம்புவது?

பதில்: உங்கள் கையிலுள்ள அட்டையையும் பற்றுச்சீட்டையும் நம்புங்கள். கடை உங்களுக்கு எழுதிக் கொடுத்தது அந்தத் திகதியே. கணினியில் பின்னர் நடந்த திருத்தம் அதைக் குறைக்க முடியாது. இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, கோளாறைக் குறிப்பிட்டுக் கடைக்கு இப்போதே எழுத்தில் கொடுங்கள். முறைப்பாடு காலத்துக்குள் வந்தது என்பதற்கு அதுவே சான்றாகும். மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் தாமதிக்காமல் எழுத்தில் முறையிடுங்கள். அதன் உடனடித் தொலைபேசி இலக்கம் 1977.