கருக்கலில் தெரியும் தரம்: ரைபிள் ஸ்கோப் கேள்வி-பதில்

ஒரு ஸ்கோப்பில் 92 சதவீத ஒளி வரும் என்கிறார்கள், இன்னொன்றில் 95. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்று சதவீதத்துக்கா இவ்வளவு?

அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்த மூன்று சதவீதம் அளக்கும் கருவிக்குத் தெரியும், உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் 90ஐத் தாண்டுவதே லேசான காரியம் இல்லை. பூச்சில்லாத கண்ணாடி, ஒளி நுழையும்போது சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். வெளியேறும்போதும் அதே கதைதான். இப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போச்சு. ஸைஸ் என்ற ஜெர்மன் லென்ஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா 1935இல் இதற்கு வழி கண்டார். ஒளியலையின் நீளத்தில் கால் பங்கு தடிமனுக்கு ஒரு படலத்தைப் பூசினால், படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இன்று பல அடுக்குகளாகப் பூசுகிறார்கள். ஒரு பரப்பில் அரை சதவீதம்தான் இழப்பு என்றால், பத்துப் பரப்பு தாண்டியும் 95 மிஞ்சும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது வேறு: அந்த எண் எந்த நிற ஒளிக்கு அளந்தது? பகலில் நம் கண் 555 நானோமீட்டர் பச்சையை நன்றாகப் பார்க்கும். இருட்டில் அது 507க்கு, நீலப் பக்கமாக நகர்ந்துவிடும். அந்தி நேரத்துக்கு வாங்குகிறவருக்குப் பகல் எண் மட்டும் போதாது.

அப்புறம், திரும்பிய ஒளி சும்மா இருக்காது. குழாய்க்குள் அலைந்து படத்தின் மேல் வெளுப்பாகப் படியும். என்னைக் கேட்டால் விலைக்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது. துப்பாக்கியில் மாட்டாத ஸ்கோப்பை வைத்து, சூரியன் மறைந்த பிறகு, வானம் இன்னும் வெளுத்திருக்கும் திசையில் மரங்களின் அடிப்பகுதியைப் பாருங்கள். நல்ல ஸ்கோப்பில் இருட்டு இருட்டாகவே இருக்கும், அதற்குள் அடிமரம் தனியாகப் பிரிந்து தெரியும். மட்டமானதில் எல்லாம் தண்ணீர்ப்பால் ஊற்றியதுபோல் சாம்பலாக இருக்கும். முன்பக்கம் டார்ச் அடித்தும் பார்க்கலாம். லென்ஸின் விளிம்பு மினுங்கினால் அதற்குக் கருப்பு சரியாகப் பூசவில்லை என்று அர்த்தம்.

எனக்கு 58 வயது. ஜெர்மன் நண்பர்கள் எல்லாரும் 8x56 வைத்திருக்கிறார்கள். நானும் அதையே வாங்கலாமா?

8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 56 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 56ஐ 8ஆல் வகுத்தால் 7. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். இளவயதில் கண்மணி இருட்டில் அந்த அளவுக்கு விரியும். நம் வயதில் பலருக்கு 5ஐ ஒட்டியே நின்றுவிடும், மிச்ச ஒளி கண்ணுக்குள் போகாது. அதனால் 8x42 உங்களுக்குக் கிட்டத்தட்ட அதே வெளிச்சத்தைத் தரும், எடையும் குறைவு. பெரிய வட்டத்தில் ஒரு வசதி உண்டு: தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் மறையாது.

ஜெர்மனியில் 8x56க்கு மவுசு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. கூட்டாட்சி வேட்டைச் சட்டப்படி மான் முதலான குளம்புள்ள விலங்குகளைச் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் வரைதான் சுடலாம். காட்டுப்பன்றிக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. நிலா வெளிச்சத்தில் பன்றிக்காகக் காத்திருக்கிறவருக்கு வந்த ஒளியெல்லாம் வேண்டும்.

30 மி.மீ. குழாயில் ஒரு அங்குலக் குழாயைவிட வெளிச்சம் அதிகமா?

இல்லை. குறியை மேலும் கீழும் திருத்த உள்ளே இடம் கூடும், அவ்வளவுதான்.

வேலைப்பாடு நல்லதா என்று வாங்குகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

குறியைத் திருத்தும் திருகைத் திருப்புங்கள். ஐரோப்பிய ஸ்கோப்புகளில் ஒரு கிளிக்குக்குக் குறி பெரும்பாலும் 100 மீட்டரில் 1 செ.மீ. நகரும். ஸ்கோப்பை ஆடாமல் இறுக்கிப் பிடித்து, கட்டம் போட்ட தாளைப் பார்த்தபடி மேலே 20, வலது 20, கீழே 20, இடது 20 கிளிக் வையுங்கள். குறுக்குக்கோடு கிளம்பிய கட்டத்துக்கே வந்து நிற்க வேண்டும். நான் வாங்கிய முதல் ஸ்கோப் மூன்று செ.மீ. தள்ளி நின்றது. கண்ணாடி அருமை, உள்ளே இருந்த ஸ்பிரிங் சோப்ளாங்கி. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

லென்ஸில் மூட்டம் போடுகிறது. கழற்றித் துடைக்கலாமா?

வெளிப்பரப்பில் என்றால் உங்கள் மூச்சுக்காற்றுதான், தானே போய்விடும். சட்டை நுனியால் தேய்க்காதீர்கள். முதலில் தூசியை ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். உட்புறம் என்றால் சீல் விட்டுப்போய், நிரப்பியிருந்த நைட்ரஜன் வெளியேறி, ஈரக்காற்று புகுந்திருக்கிறது. கழற்றவே கழற்றாதீர்கள். லென்ஸ்களின் மையம் ஒருமுறை நகர்ந்தால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. தயாரித்தவர்களுக்கே அனுப்பிவிடுங்கள்.