பொத்தான் போட்டதற்குப் பாயசம் வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

குலசேகரம் பகுதியில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியான என் கணவருக்கு ஏழு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் தளர்ந்தன, பேச்சும் குழறுகிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர், இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். சென்ற மாதம் தம் சட்டைப் பொத்தான்களைத் தாமே போட்டுக்கொண்டார். மகிழ்ச்சி தாங்காமல் சிறுபயறுப் பாயசம் வைத்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தேன். மகள் அதைக் காணொளியாக எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். அவரோ, "நான் என்ன பச்சைப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு, அன்று முதல் பயிற்சியையே தவிர்க்கிறார். இனி எதையும் கண்டுகொள்ளாதது போல இருந்துவிடவா?

அன்புச் சகோதரி,

கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டாம். அது அவரை இன்னும் தனிமைப்படுத்தும். பக்கவாதத்துக்குப் பின் பெரும்பாலும் காலைவிடக் கைதான் மெதுவாகத் தேறும், அதிலும் விரல்களின் நுண்ணசைவு கடைசியில்தான் வரும் என்பதால், ஒரு பொத்தானைத் துளைக்குள் நுழைப்பது உண்மையிலேயே பெரிய காரியம். நீங்கள் மகிழ்ந்ததில் குறையொன்றும் இல்லை.

ஆனால் விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பட்டையில் கத்தி ஆழமாகப் பதியாமல் பால் வெட்டிய கை அது. அந்தக் கைக்குப் பொத்தான் ஒரு வெற்றியா, இழந்ததை நினைவூட்டும் அடையாளமா என்பதை அவரால்தான் சொல்ல முடியும். அவரைக் கேட்காமலேயே அது ஊருக்குச் சொல்லப்பட்டுவிட்டது. பேச்சு குழறுபவரைச் சுற்றியிருப்பவர்கள், அவருக்கு எல்லாம் புரிகிறது என்பதை மறந்து, அவருக்காகத் தாங்களே பேசிவிடுவதும் முடிவெடுத்துவிடுவதும் நான் அடிக்கடி காண்பது. காணொளியை வைத்திருக்கலாமா, நீக்கலாமா என்று மகள் அவரிடம் கேட்கட்டும். பதில் வரத் தாமதமானாலும் இடையில் வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கட்டும்.

அடுத்த இலக்கையும் அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். மூளையின் நலமான பகுதிகள் புதிய வழிகளைப் பழகுவதற்குத் திரும்பத் திரும்பச் செய்வது தேவை. தமக்குப் பொருளுள்ள வேலையைத்தான் ஒருவர் சலிக்காமல் திரும்பச் செய்வார். பந்தை அழுத்தச் சொன்னால் முகம் திருப்பும் அவர், ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையிலிருந்து, அதில் உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்க விரும்பக்கூடும். இயன்முறை மருத்துவரிடம் கேட்டு அதையே பயிற்சியாக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதால், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பாராட்டும்போது, "நேற்று கட்டைவிரல் மடங்கவில்லை, இன்று மடங்கியது" என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள், கைதட்டல் வேண்டாம். பார்வையாளர்கள் கூடினால், அவர்களுக்குக் காட்டுவதற்காக ஊன்றுகோலை விட்டு நடக்க முயன்று விழும் ஆபத்தும் உண்டு. முதல் 3 முதல் 6 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருந்து, பிறகு மெதுவாவது இயல்பு. இனி அடையாளங்கள் தள்ளித்தள்ளியே வரும். வாரம் ஒரு பாயசத்தை எதிர்பார்த்துப் பழகிய வீட்டில், அது வராத வாரங்கள் தோல்வியாகத் தோன்றும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது. பயிற்சியை அவர் மறுப்பது கோபத்தால் மட்டும் அல்லாமலும் இருக்கலாம். உறக்கமும் பசியும் குறைந்து, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தாலோ, காரணமின்றி அடிக்கடி அழுதாலோ, அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாழ்ந்து பயனில்லை என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அன்றே அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. அது குறைந்தால் பயிற்சியில் ஈடுபாடும் பெரும்பாலும் திரும்பும்.