முதல் கப்பலின் வேகம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்காக கிரேக்க வரலாறு படிக்கிறேன். பெலொப்பொனேசியப் போரில் ஸ்பார்ட்டா வென்றது, ஏதென்ஸ் தோற்றது. கூட்டம் கூடிக் கைதூக்கிப் போர் நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று தோன்றுகிறது. சிசிலிப் படையெடுப்பே சாட்சி. போரைத் தெரிந்தவர்கள் கையில் விட்டுவிடுவதுதானே சரி? ஸ்பார்ட்டாவின் ஒழுக்கம் ஏன் ஏதென்ஸுக்கு வரவில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக, அந்தப் போரின் வரலாற்றை எழுதிய கிரேக்கர் துசிடிடீஸின் மூன்றாம் புத்தகத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

சிசிலியை முதலில் முடித்துவிடுகிறேன். கி.மு. 415இல் சிசிலித் தீவின் மேல் படையெடுப்பது என்று ஏதென்ஸ் மக்கள் சபை எடுத்தது மோசமான முடிவு, சரி. ஆனால் அங்கே ஏதென்ஸை வீழ்த்திய சிசிலி நகரமான சிராக்யூஸும் அப்போது ஜனநாயக நகரம்தான். கடைசியில் 405இல் ஏதென்ஸை முடித்த ஸ்பார்ட்டாவின் கப்பற்படை, பாரசீகப் பணத்தில் நின்ற படை. இதில் ஒழுக்கம் எங்கே வருகிறது?

"தெரிந்தவர்கள் கையில் விட்டுவிடுவது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கோபம் வரவழைத்தது. கி.மு. 427ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ்போஸ் தீவின் மிட்டிலீனி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்து, பிறகு சரணடைந்தது. ஆண்கள் எல்லாரையும் கொல்வது, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று ஏதென்ஸ் சபை முடிவெடுத்துக் கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் மக்களுக்கு மனசு கேட்கவில்லை. சபை மறுபடி கூடியது. கிளியோன் பழைய முடிவிலேயே நிற்கச் சொன்னார், டயோடோட்டஸ் எதிர்த்தார். தூக்கிய கைகள் ஏறக்குறைய சமம். மயிரிழையில் டயோடோட்டஸ் பக்கம் வென்றது.

கொலை ஆணையைத் தடுக்க இரண்டாவது கப்பல் கிளம்பும்போது முதல் கப்பல் சுமார் ஒரு பகல், ஓர் இரவு முந்திப் போயிருந்தது. மிட்டிலீனியின் தூதர்கள் மதுவும் பார்லி மாவும் ஏற்றிவிட்டார்கள். துடுப்புக்காரர்கள் மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த மாவைத் துடுப்பை விடாமலே தின்றார்கள், முறை வைத்துத் தூங்கினார்கள். மிட்டிலீனியில் இருந்த ஏதென்ஸ் தளபதி பாக்கேஸ் கொலை ஆணையைப் படித்துவிட்டு நிறைவேற்றப் போகிற நேரத்தில் கப்பல் போய்ச் சேர்ந்தது.

கல்லூரியில் எங்கள் பேராசிரியர் இந்த இடத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு, "முதல் கப்பல் என்ன ஆச்சு?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கொடிய வேலைக்குப் போகிற கப்பல் என்பதால் அது அவசரமில்லாமல் போனது என்கிறார் துசிடிடீஸ். ட்ரைரீம் என்ற மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பலில் 170 பேர் துடுப்புப் போடுவார்கள். ஏதென்ஸில் அவர்களில் பலர் ஏழைக் குடிமக்கள், சபையில் கைதூக்க உரிமை உள்ளவர்கள். கொல்லச் சொல்லிக் கைதூக்குகிறவனே அந்த ஆணையைக் கடல் கடந்து சுமக்கவும் வேண்டியிருந்தது. அதனால்தான் அந்தக் கைகள் தளர்ந்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் "தெரிந்தவர்கள்" துடுப்புப் போடுவார்களா, ஆர்.?

அதே கோடையில் ஸ்பார்ட்டா என்ன செய்தது என்றும் பாருங்கள். ஏதென்ஸின் கூட்டாளியான பிளாட்டியா நகரம் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. ஸ்பார்ட்டாவிலிருந்து ஐந்து நீதிபதிகள் வந்தார்கள். ஒவ்வொரு கைதியிடமும் ஒரே கேள்வி: இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் ஏதாவது நன்மை செய்தாயா? இல்லை என்று சொன்னவனைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். பிளாட்டியர்கள் 200 பேருக்குக் குறையவில்லை, கூட இருந்த ஏதென்ஸ்காரர்கள் 25 பேர். நீங்கள் வியக்கிற ஒழுக்கம் இதுதான். அதற்குச் சோறு போட்டவர்கள் நிலத்தோடு கட்டிவைக்கப்பட்ட அடிமை உழவர்களான ஹெலட்டுகள்.

ஏதென்ஸை நான் புனிதமாக்கவில்லை. மிட்டிலீனியில் கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அது கொன்றது. 416இல் மேலோஸ் தீவின் ஆண்களைக் கொன்றபோது இப்படி ஒரு மறுநாள் வரவே இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று வருந்தாதீர்கள். தேர்வுக்கு நடுவில் உட்கார்ந்து இவ்வளவு யோசிக்கிற பிள்ளையிடம்தான் இப்படிச் சண்டை போடத் தோன்றுகிறது. குறிப்பு நோட்டை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு டயோடோட்டஸின் உரையைப் படியுங்கள். இரக்கப்படுங்கள் என்று அவர் கேட்கவில்லை. சாதாரண ஜனங்களையும் சேர்த்துக் கொன்றால், மற்ற நகரங்களில் நம் பக்கம் இருக்கும் ஜனங்களும் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்று லாப நஷ்டக் கணக்குப் பேசுகிறார். மனசு கேட்காமல் கூடிய சபையில் ஏன் அப்படிப் பேச வேண்டியிருந்தது? உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள்.